சென்னைக்கு எந்தக் குளிர்தாங்கு மண்டலம்? விதைப் பொட்டலத்து எண்ணை நம்பி நடலாமா?

மடிப்பாக்கம் மாடி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நான்கு ஆண்டுகளாக நாற்பது தொட்டிகள் வைத்துத் தோட்டம் போட்டு வருகிறேன். கீரையும் கத்திரியும் வெண்டையும் குறைவில்லாமல் வருகின்றன. சென்ற ஆண்டு நியூ ஜெர்சியில் இருக்கும் என் அண்ணன் ஊருக்கு வந்தபோது ஒரு கட்டு விதைப் பொட்டலங்களைக் கொண்டுவந்து கொடுத்தார். அவற்றுள் பலவற்றின் பின்புறத்தில் ‘ஜோன் 5 முதல் 9 வரை’, ‘ஜோன் 3 முதல் 10 வரை’ என்பது போல எண்கள் அச்சிடப்பட்டிருந்தன. அண்ணனிடம் விளக்கம் கேட்டபோது, “உங்க ஊர் எந்த ஜோன்னு பார்த்துப் போடும்மா” என்று சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டார்.

பார்க்காமலேயே போட்டதன் விளைவு இது. லாவெண்டர் ஒரு சாண் வளர்ந்து, ஐப்பசி மழையில் வேரோடு அழுகிப்போனது. வெங்காயம் ஆறு மாதம் தாளாகவே வளர்ந்ததே தவிர அடியில் காய் பிடிக்கவில்லை. தக்காளி சித்திரையில் செடி நிறையப் பூத்து, ஒரு பிஞ்சுகூட நிற்காமல் பூ முழுவதும் கொட்டிவிட்டது.

சென்னை எந்த மண்டலத்தைச் சேர்ந்தது, அந்த எண்ணைத் தெரிந்துகொண்டிருந்தால் இந்த இழப்புகளைத் தவிர்த்திருக்க முடியுமா என்பவற்றை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன். இன்னொன்று: அந்தப் பொட்டலங்களில் செடியைத் தென்திசை பார்த்து வைக்கச் சொல்லியிருக்கிறது. எங்கள் வீட்டுப் பால்கனியோ வடக்கு பார்த்தது. அதை வீணான இடமென்று விட்டுவிட வேண்டியதுதானா?

நுங்கம்பாக்கம் குறிப்பேடு எழுதியது:

அம்மா, எண்ணை முதலில் சொல்லிவிடுகிறேன். சென்னை 13ஆம் மண்டலத்தில், பெரும்பாலும் அதன் ‘13ஏ’ என்னும் முற்பாதியில் விழும். ஆனால் இந்த எண் நமக்கு ஏன் அதிகம் உதவாது என்பதைத் தெரிந்துகொள்ள, அது எதை அளக்கிறது என்று பார்க்க வேண்டும்.

அமெரிக்க வேளாண்மைத் துறை 1960இல் முதன்முதலாக வெளியிட்டு, பின்னர் பலமுறை திருத்திய வரைபடத்திலிருந்து வருவது இந்த எண். ஓர் ஊரில் ஓர் ஆண்டின் மிகக் குளிர்ந்த ஒற்றை இரவில் வெப்பநிலை எவ்வளவு இறங்கியது என்று குறித்துக்கொண்டு, முப்பது ஆண்டுகளின் அத்தகைய அளவுகளைக் கூட்டிச் சராசரி காண்கிறார்கள். 2023இல் வந்த வரைபடத்துக்கு 1991 முதல் 2020 வரையிலான பதிவுகள் அடிப்படை. கிடைக்கும் சராசரியைப் பத்துப் பத்து ஃபாரன்ஹீட் டிகிரியாகப் பிரித்து 13 மண்டலங்கள் வகுத்து, ஒவ்வொன்றையும் ஏ, பி என்று இரண்டாக்கியிருக்கிறார்கள். 13ஏ என்பது செல்சியஸ் கணக்கில் 15.6 முதல் 18.3 டிகிரி வரை. நம் ஊரில் மார்கழி, தை மாதங்களின் மிகக் குளிர்ந்த விடியற்காலை ஏறத்தாழ அந்த அளவில்தான் நிற்கும். நுங்கம்பாக்கத்தில் 1905 ஜனவரியில் 13.9 டிகிரி வரை இறங்கியதாகப் பதிவு உண்டு. ஆனால் மண்டலக் கணக்கு சராசரியைத்தான் பார்க்கும், என்றோ ஒரு நாள் நிகழ்ந்த உச்சத்தைப் பார்க்காது.

ஆக, இந்த எண் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: பல ஆண்டுகள் வாழும் ஒரு செடி இந்த ஊரின் குளிர்காலத்தை உயிரோடு கடக்குமா? மண் பாறையாக உறைந்துபோகும் நாட்டில் அது உயிர்போகும் கேள்வி. சென்னையில் குளிரால் செத்த செடியை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? ‘தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்’ என்று நம் பெரியவர்கள் சொன்னாலும், அந்தப் பனியில் நம் ஊர்ச் செம்பருத்தி இரண்டு இலையை மஞ்சளாக்கிக்கொள்வதோடு சரி. நம்மிடம் யாரும் கேட்காத கேள்விக்கு விடையை வைத்துக்கொண்டு நாம் நிற்கிறோம்.

பொட்டலத்தில் ‘5 முதல் 9 வரை’ என்று இருப்பதில் கீழ் எண்ணுக்கும் மேல் எண்ணுக்கும் ஒரே மதிப்பு இல்லை என்பதையும் கவனியுங்கள். ஐந்து என்பது, இதற்குக் கீழான குளிரில் செடி சாகும் என்னும் பொருளுடைய எல்லை. ஒன்பது என்பது, அதற்கு மேற்பட்ட ஊர்களில் இது செழிப்பதில்லை என்று நாற்றங்கால்காரர்கள் அனுபவத்தில் எழுதிவைத்த குறிப்பு. அதற்குக் காரணம் கோடை வெப்பமாக இருக்கலாம், இரவுப் புழுக்கமாக இருக்கலாம், போதிய குளிர் கிடைக்காமையாகவும் இருக்கலாம். ஆப்பிள் மூன்றாவது வகை. அதன் மொட்டு உறக்கம் கலைவதற்கு 7 டிகிரிக்குக் கீழே பல நூறு மணி நேரம் வேண்டும். சென்னை அதற்கு ஒரு மணி நேரம்கூடக் கொடுக்காது. உங்கள் லாவெண்டர் மத்திய தரைக்கடல் கரையின் வறண்ட கோடைக்குப் பழகிய செடி. ஈரக் காற்றும் சொதசொதவென்ற மண்ணும் சேர்ந்து அதன் வேரை அழுகச் செய்துவிட்டன. மண்டல எண்ணைப் பார்த்திருந்தால் அதை வாங்காமல் இருந்திருப்பீர்கள் என்பது உண்மைதான். ஆனால் அது ஏன் செத்தது என்பதை அந்த எண் சொல்லியிருக்காது.

அமெரிக்காவுக்குள்ளேயே இந்தக் குறை உண்டு. 10ஆம் மண்டலம் ஃபுளோரிடாவிலும் இருக்கிறது, கலிபோர்னியாவிலும் இருக்கிறது. முன்னது கோடையில் மழை கொட்டும் ஈர நிலம், பின்னது கோடையில் மழையே காணாத நிலம். இக்குறையை ஓரளவு நிரப்புவதற்காக அமெரிக்கத் தோட்டக்கலைச் சங்கம் 1997இல் வெப்ப மண்டல வரைபடம் ஒன்றை வெளியிட்டது. அதில், ஆண்டுக்கு எத்தனை நாட்கள் 30 டிகிரியைத் தாண்டுகின்றன என்பது கணக்கு. மொத்தம் 12 மண்டலங்கள், 210 நாட்களுக்கு மேல் தாண்டினால் பன்னிரண்டாவது. மாசி முதல் ஐப்பசி வரை நாம் அந்த வரம்பின் கீழே இறங்குவதே அரிது என்பதால் அதிலும் நமக்குக் கடைசி எண்தான். குளிருக்கு 13இல் 13, வெப்பத்துக்கு 12இல் 12. இரண்டு அளவுகோல்களும் நம் ஊருக்கு வந்ததும் தீர்ந்துபோகின்றன.

தக்காளிக்கு வருகிறேன். பலரும் பகல் வெயிலைக் குறை கூறுவார்கள். எனக்கென்னவோ இரவுதான் பெரிய குற்றவாளி என்று தோன்றுகிறது. இரவு வெப்பநிலை 24 டிகிரிக்கு மேல் தொடர்ந்து நின்றால் பெரும்பாலான தக்காளி வகைகளில் மகரந்தம் கெட்டுப்போகும், பூ நிற்காது. சென்னையில் மே மாத இரவு 27, 28 டிகிரியில் நின்றுவிடுகிறது. அதிலும் மொட்டை மாடித் தளம் பகலெல்லாம் குடித்த சூட்டை இரவு முழுவதும் உமிழ்ந்துகொண்டிருக்கும். ஒரு சாதாரண வெப்பமானியை வாங்கி, தொட்டிகளின் உயரத்தில் நிழலில் தொங்கவிட்டு, இரவு பத்து மணிக்கும் விடியற்காலை ஐந்து மணிக்கும் ஓராண்டு குறித்து வாருங்கள். அந்தக் குறிப்பேட்டின் பத்துப் பக்கங்கள் எந்த வரைபடத்தையும்விட உங்கள் மாடியை நன்றாக அறிந்திருக்கும்.

வேறொன்றும் சொல்ல வேண்டும், தவறாக எண்ண வேண்டாம். வெளிநாட்டிலிருந்து விதை கொண்டுவருவதற்கு நம் நாட்டின் தாவரத் தனிமைப்படுத்தல் விதிகளின்படி அனுமதியும், அந்நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். அடுத்த முறை அண்ணன் வரும்போது சாக்லேட் போதும் என்று சொல்லிவிடுங்கள்.

கொளத்தூர் கொடிப்பந்தல் எழுதியது:

வெங்காயத்தையும் வடக்குப் பால்கனியையும் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான், நாம் பூமிப்பந்தில் இருக்கும் இடம்.

சென்னை ஏறத்தாழ 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. இங்கே ஆண்டின் மிக நீண்ட பகல் 13 மணி நேரத்தை எட்டுவதில்லை, மிகக் குறுகிய பகல் பதினொன்றேகால் மணிக்குக் கீழே போவதில்லை. நியூ ஜெர்சியில் ஜூன் மாதப் பகல் 15 மணி நேரம். வடக்கத்திய நெடும்பகல் வெங்காய வகைகளுக்குப் பகல் 14 மணியளவு நீண்டால்தான் அடியில் குமிழ் திரளத் தொடங்கும். அந்தப் பகலை உங்கள் வெங்காயம் மடிப்பாக்கத்தில் ஆறு மாதமல்ல, அறுபது ஆண்டு காத்திருந்தாலும் கண்டிருக்காது. நம் பக்கத்துப் பெரிய வெங்காய வகைகளும் சாம்பார் வெங்காயமும் குறும்பகலிலேயே திரளக்கூடியவை. இந்தச் செய்தி எந்தக் குளிர்தாங்கு மண்டல எண்ணிலும் ஒளிந்திருக்காது.

பந்தல் அவரை இதற்கு நேர்மாறான சான்று. ஆடியில் ஊன்றிய நாட்டு அவரைக்கொடி ஆவணி, புரட்டாசியில் எவ்வளவு உரம் வைத்தாலும் இலையாகவே படரும். பகல் குறுகிய பிறகுதான் பூவெடுத்து, மார்கழி, தை மாதங்களில் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். பொறுமை இழந்து கொடியைப் பிடுங்கிப் போட்டவர்களை எனக்குத் தெரியும். முதல் ஆண்டில் நானும் அவர்களில் ஒருவன்.

இனி திசை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சூரியன் ஆண்டு முழுவதும் நண்பகலில் தெற்கே நிற்பதால்தான் தென்திசையைச் சொல்கிறார்கள். நமக்கு அப்படியில்லை. ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் சென்னையில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. நிழலில்லா நாள் என்று பள்ளிப் பிள்ளைகள் குச்சி நட்டுப் பார்ப்பது அப்போதுதான். இவ்விரு நாட்களுக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ நான்கு மாதங்கள் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும், காலை மாலை வெயிலும் வடக்கு ஒட்டியே விழும். ஆகவே, வைகாசி முதல் ஆடி வரை உங்கள் வடக்குப் பால்கனிக்கு வெயில் வரும், ஐப்பசி முதல் மாசி வரை அநேகமாக வராது. கோடையில் அங்கே கீரையும் புதினாவும் வைக்கலாம். மார்கழியில் வெற்றிலைக்கொடி, மணி பிளாண்ட் போன்ற நிழல் விரும்பிகளோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். எதிர்வீட்டுச் சுவர் எவ்வளவு உயரம் என்பதும் இதில் சேரும், அதை நீங்கள்தான் பார்த்துச் சொல்ல முடியும்.

திருவான்மியூர் மணல் எழுதியது:

நண்பர்கள் வானத்தைப் பற்றியே பேசுகிறார்கள். எங்கள் பகுதியில் செடியைக் கொல்வது தண்ணீர்.

கடலிலிருந்து அரைக் கிலோமீட்டருக்குள் குடியிருக்கிறேன். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பங்குனி பிறந்ததும் கரிக்கத் தொடங்கும். அந்தத் தண்ணீரை ஊற்றிய தொட்டிகளின் விளிம்பில் வெள்ளையாக உப்புப் படியும், இலைகளின் நுனி தீய்ந்தது போலப் பழுப்பாகும். வெயிலில் கருகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு அதே தண்ணீரை இன்னும் அதிகமாக ஊற்றினேன். நோயைக் கொடுத்துக்கொண்டே மருந்து கொடுப்பதாக எண்ணியிருந்த அந்த இரண்டு ஆண்டுகளில் ஒரு ரோஜாவும் தங்கவில்லை. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதை வாங்கிய பிறகுதான் குழாய்த் தண்ணீருக்கும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீருக்கும் இருந்த வேறுபாடு எண்ணாகத் தெரிந்தது. இப்போது கோடையில் ரோஜாவுக்கும் கீரைக்கும் குழாய்த் தண்ணீர் மட்டுமே. அரளி, நந்தியாவட்டை, காகிதப்பூ ஆகியவை கிணற்றுத் தண்ணீரைப் பொறுத்துக்கொள்கின்றன. முதல் பெருமழை பெய்யும்போது தொட்டிகளை நனையவிட்டு, அடித்துளை வழியே தண்ணீர் நன்றாக ஓடும்படி பார்த்துக்கொண்டால், அதுவரை சேர்ந்த உப்பில் பெரும்பகுதி கழுவிப் போய்விடும்.

மண்ணும் ஊருக்குள்ளேயே மாறுகிறது. கடற்கரையோரத்தில் மணல், ஊற்றிய தண்ணீர் நிற்காது. அண்ணா நகர், வில்லிவாக்கம் பக்கம் களிமண், ஊற்றிய தண்ணீர் போகாது. கிண்டியில் சற்றே தோண்டினால் பாறை. மண்டல எண்ணோ இவை அத்தனைக்கும் ஒன்றே. தொட்டியில் வளர்க்கும் உங்களுக்கு மண் உங்கள் கையில் இருக்கிறது என்பது பெரிய வசதி.

கடற்காற்றையும் கணக்கில் வையுங்கள். மே மாதத்தில் அது நண்பகலுக்கு முன்பே கரையேறினால் எங்கள் செடிகள் பிழைத்தன. மேற்குக் காற்று அதைத் தடுத்துப் பிற்பகல் வரை நிறுத்திவிட்டால் அன்று எல்லாம் வாடிவிடும். நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவான 2003 மே 31 அன்று இலைகள் அப்பளமாகப் பொரிந்ததை நான் மறக்கவில்லை.

மடிப்பாக்கம் மாடி மீண்டும் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. வெங்காயத்தின் மேல் எனக்கிருந்த கோபம் தீர்ந்தது. அண்ணனிடம் சாக்லேட் செய்தியைச் சேர்த்துவிட்டேன்.

இன்னும் ஓர் ஐயம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள நாற்றுப் பண்ணைகளில் விசாரித்தால், பூச்செடிகளில் பல பெங்களூரிலிருந்தும் ஓசூரிலிருந்தும் வருவதாகச் சொல்கிறார்கள். வாங்கும்போது பூத்துக் குலுங்கும் செடி, வீட்டுக்கு வந்து இரண்டு மாதத்தில் மொட்டையாகிவிடுகிறது. பெங்களூர் நம் பக்கத்து ஊர்தானே, அதன் மண்டலம் அவ்வளவு தள்ளியா இருக்கிறது? அப்படியே, எதை எப்போது விதைப்பது என்பதற்கு நம் ஊருக்கென்று ஏதேனும் கணக்கு இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

கொளத்தூர் கொடிப்பந்தல் எழுதியது:

மண்டல எண்ணில் பெங்களூர் நமக்கு ஒரு படிதான் கீழே, 12. ஆனால் மே மாத இரவு அங்கே 21, 22 டிகிரிக்கு இறங்குகிறது. நம் இரவைப் பற்றி மேலே நுங்கம்பாக்கத்து ஐயா எழுதியிருக்கிறார். எண்ணில் ஒரு படி, செடிக்கு ஆறு டிகிரி. அங்கே வளர்ந்த ஹைட்ராஞ்சியா, ஃபியூஷியா போன்றவற்றை இங்கே மூன்று மாதப் பூங்கொத்தாக நினைத்து வாங்கினால் மனவருத்தம் இல்லை. மற்றவற்றைக் கார்த்திகைக் கடைசியில் வாங்கி, தை, மாசிக்குள் வேர் பிடிக்கவிட்டால் கோடையைத் தாண்டுவதற்கு வாய்ப்பு அதிகம். பங்குனியில் வாங்கி வராதீர்கள்.

விதைப்புக் கணக்கு நம்மிடம் நெடுங்காலமாக இருக்கிறது. ‘ஆடிப் பட்டம் தேடி விதை’ என்பதை மாடிக்கும் பொருத்தலாம். அக்கினி நட்சத்திரம் முடிந்து, மாலை இடிமழை தொடங்கும் ஆடியில் வெண்டை, கத்திரி, கொத்தவரை, அவரை, புடலை, பீர்க்கை ஆகியவற்றைப் போட்டால், பெருமழை வருவதற்குள் செடி உறுதியாகிவிடும். சென்னையின் ஆண்டு மழை ஏறத்தாழ 1400 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் கொட்டித் தீர்க்கிறது. நுங்கம்பாக்கத்தில் 2015 நவம்பரில் மட்டும் 1000 மில்லிமீட்டரைத் தாண்டியது. ஆகவே ஐப்பசியிலும் கார்த்திகை முற்பாதியிலும் சிறுவிதைகளை நேரடியாகத் தூவினால் மழை அடித்துக்கொண்டு போய்விடும். ‘கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை’ என்ற பழமொழியை நம்பி, கார்த்திகை முடியும் முன்பே மழை ஓய்ந்துவிட்டதாக எண்ணவும் கூடாது, வர்தா புயல் 2016இல் கார்த்திகையின் கடைசி நாட்களில், டிசம்பர் 12 அன்றுதான் வந்தது. ஆனாலும் கார்த்திகை பிற்பாதி முதல் தை வரை உள்ள காலம்தான் நம் ஊரின் பொற்காலம். தக்காளி, முள்ளங்கி, பாலக், கொத்தமல்லி, சீக்கிரம் விளையும் காலிஃபிளவர் ஆகிய அனைத்தும் அப்போதுதான் வரும். தக்காளிக்குப் பெரியகுளத்து பிகேஎம் 1 போன்ற நம் பக்கத்து வகையை மழை ஓய்ந்ததும் நாற்றுவிட்டால் மாசியில் பறிக்கலாம்.

நுங்கம்பாக்கம் குறிப்பேடு எழுதியது:

கொளத்தூர் நண்பர் சொன்ன கணக்கோடு எனக்கு ஒரே ஒரு மாறுபாடு. ஆடிப் பட்டம் மானாவாரி நிலத்து உழவருக்காக வகுக்கப்பட்டது. நிலத்தில் வேர் கீழே இறங்கிக் குளிர்ச்சியைத் தேடிக்கொள்ளும். மாடித் தொட்டியில் நாற்புறமும் சூடு. புரட்டாசியில் பொன்னுருகக் காய்ந்து மண்ணுருகப் பெய்யும் என்பார்களே, அந்தக் காய்ச்சலில் என் கத்திரி நாற்றுகள் மூன்று முறை போயின. அதனால் ஆடியில் விதைத்தாலும் புரட்டாசி முடியும்வரை ஐம்பது சதவீத நிழல்வலையை எடுப்பதில்லை, தொட்டிகளையும் தளத்தில் நேரடியாக வைக்காமல் இரண்டு செங்கல் உயர்த்தி வைக்கிறேன்.

மண்டல எண்ணை முழுவதும் ஒதுக்கிவிட வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். நம்மைப் போன்ற கடற்கரைச் சமவெளியிலிருந்து வரும் செடியின் குறிப்பில் ‘11 முதல் 13 வரை’ என்று இருந்தால், அது குளிரை அஞ்சும் செடி, நம் மார்கழி அதற்கு ஒரு தடையல்ல என்று தெரிந்துகொள்ளலாம். அங்கிருந்து மற்ற மூன்றையும் விசாரிக்க வேண்டும்: இரவுச் சூட்டைத் தாங்குமா, நவம்பர் மாதத்து நீர்த்தேக்கத்தைத் தாங்குமா, உங்கள் குழாயில் வரும் உப்பைத் தாங்குமா?

மடிப்பாக்கம் மாடி எழுதியது:

நேற்று மாலை வெப்பமானி ஒன்றை வாங்கித் துணி உலர்த்தும் கம்பிக்குக் கீழே, தொட்டிகளின் உயரத்தில் மாட்டியிருக்கிறேன். இரவு பத்து மணிக்கு 31 டிகிரி காட்டியது. செங்கல் வைத்து உயர்த்திய தொட்டிகளுக்குப் பக்கத்தில் ஒன்று, தளத்திலேயே இருப்பவற்றின் பக்கத்தில் ஒன்று என இரண்டு வெப்பமானிகள் வைத்து ஒரு மாதம் குறித்துவிட்டு, எண்களை இங்கேயே இடுகிறேன். கிணற்றுத் தண்ணீரையும் அளந்து பார்க்க வேண்டும், பக்கத்து வீட்டில் மீட்டர் இருப்பதாகச் சொன்னார்கள்.